படகைப் பத்திரமாகக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் ஃபைபர் படகுக்கு மராமத்து பார்க்கிறேன். கட்டு விட்டுப்போய், பாறையிலோ பக்கத்துப் படகிலோ மோதி உடைந்தவை கடைசியில் என் கொட்டகைக்குத்தான் வரும். கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் முதல் வார்த்தை, "நல்லாத்தாண்ணே கட்டியிருந்தேன்." புதிதாகப் படகு வாங்கிய தம்பிகளும், சுற்றுலாப் படகு விட ஆரம்பித்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். கணக்கெல்லாம் 28 முதல் 30 அடி ஃபைபர் படகை மனதில் வைத்துச் சொன்னவை. விசைப்படகுக்கு மாறும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

"கயிறைப் போட்டு ஒரு முடிச்சு. இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

மாட்டைக் கட்டினால் முளைக்குச்சி, கயிறு, மூக்கணாங்கயிறு மூன்றும் தாங்கவேண்டும். படகிலும் அதே கதைதான், கண்ணிகள் கொஞ்சம் கூடுதல். கடலடியைப் பிடிக்கும் நங்கூரம் அல்லது கரையில் உள்ள தூண், அதில் மாட்டிய ஷாக்கிள் (ஆணி போட்டு மூடும் இரும்பு வளையம்), சங்கிலி, கயிறு, முடிச்சு, படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், கயிறு சுற்றும் கொம்பு (கடையில் கிளீட் என்று கேளுங்கள்), அந்தக் கொம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டு. இதில் எது சொத்தையோ, மொத்தக் கட்டுக்கும் அதன் பலம்தான்.

நான் பார்த்தவரை நங்கூரம் விட்டதைவிடக் கயிறு தேய்ந்து அறுந்ததும், கொம்பு பிய்த்துக்கொண்டு வந்ததும்தான் அதிகம். கொம்பின் போல்ட்டுக்கு அடியில் வெறும் வாஷர் போட்டிருப்பார்கள். அலை பத்து நாள் வெடுக் வெடுக்கென்று இழுத்தால் ஃபைபரைக் கிழித்துக்கொண்டு முழுதாக வந்துவிடும். உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஸ்டெயின்லெஸ் பிளேட் ஒன்று வைத்து முடுக்குங்கள். கயிற்றுக்குச் செலவழிக்கும் காசில் கால்வாசிகூட ஆகாது.

"அப்போ நல்லா இறுக்கிக் கட்டிட்டா பத்திரம்தானே?"

இந்த எண்ணத்தால்தான் எனக்குப் பாதி வேலை வருகிறது. மாடு படுத்தால் கயிறு தளரும். தண்ணீர் படுக்காது. அலை ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள படகைத் தூக்கிப் போடுகிறது. கயிறு இறுகி இருந்தால் அந்த அடி முழுவதும் ஒரே நொடியில் கொம்பில் விழும். கயிற்றில் கொஞ்சம் தொய்வும், கயிற்றுக்கே கொஞ்சம் நீளும் குணமும் இருந்தால் அதே அடி இரண்டு மூன்று நொடிக்குப் பரவி, வெறும் இழுப்பாக மாறிவிடும்.

ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கரையில் கடல் ஏறி வற்றும் அளவு பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். பாக் நீரிணைப் பக்கம் அதைவிடக் குறைவு. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் இது பத்து மீட்டர் அளவுக்குப் போகும். அந்தக் கரையோடு ஒப்பிட்டால் நமக்குக் கடல் கருணை காட்டுகிறது. ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றும்போது, இறுக்கிக் கட்டிய படகு ஜெட்டியில் (படகு அணையும் மேடையில்) ஒரு பக்கமாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். தொங்கும் பக்கம் தாழ்ந்தால் விளிம்பு வழியே தண்ணீர் ஏற அதிக நேரம் ஆகாது.

"கடையில பச்சைக் கயிறு, வெள்ளைக் கயிறுன்னு எடுத்துப் போடறாங்க. எதை வாங்க?"

நங்கூரத்துக்கும் ஜெட்டிக்கும் நைலான். நீளும், தண்ணீரில் மூழ்கும். பச்சை, நீலக் கயிறுகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். விலை மலிவு, ஆனால் அவ்வளவாக நீளாது, மிதக்கும். மிதக்கும் கயிறு அடுத்த படகின் புரொப்பல்லரில் சுற்றும், அறுக்கவும்படும். வெயில் பட்டுப்பட்டு மேலே மாவு மாதிரி உதிர ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு அதை நம்ப வேண்டாம். போயா (மிதவை) கட்ட, வலை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

30 அடிப் படகுக்கு 12 முதல் 14 மி.மீ. போதும். அதைவிடத் தடிமனாக எடுத்தால் பலம் கூடும், நீளும் குணம் குறையும். மேலே சொன்ன வெடுக் இழுப்பு மறுபடி வந்துவிடும். "தடிமன்தானே பத்திரம்" என்று 24 மி.மீ. வாங்கிவந்த ஒருவர், அது கொம்பில் சுற்றவே இடமில்லாமல் ஒரே ஒரு சுற்றோடு விட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் படகு அங்கே இல்லை.

"எந்த முடிச்சு போடணும்? பெரியவங்க ஆளுக்கு ஒண்ணு காட்டறாங்க."

மூன்று தெரிந்தால் வாழ்க்கை ஓடும். தூணிலோ வளையத்திலோ மாட்ட, இழுத்தாலும் இறுகாத நிலையான கண் (கயிற்று வளையம்). கப்பல்காரர்கள் போலைன் என்பது இதைத்தான். இரண்டாவது, தூணை முழுதாக இரண்டு சுற்று சுற்றி அதன்மேல் இரண்டு அரை முடிச்சு. சுற்றுதான் சுமையைத் தாங்கும், முடிச்சு வெறும் காவல். அதனால் இழுப்பு இருக்கும்போதே இதை அவிழ்க்க முடியும். மூன்றாவது, கொம்பில் போடுவது: அடியில் ஒரு சுற்று, எட்டு மாதிரி இரண்டு தடவை, கடைசியில் கயிற்றைத் திருப்பி ஒரு பூட்டு. பத்து தடவை சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அவசரத்தில் அவிழ்க்க அவர்கள் படும் பாட்டையும் பார்க்கிறேன்.

எந்த முடிச்சும் கயிற்றின் பலத்தில் கொஞ்சம் தின்னும். சில முடிச்சுகள் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேலும்கூடத் தின்னும். நிரந்தரமாக இருக்கப்போகும் முனையில் முடிச்சுக்குப் பதில், கயிற்றின் பிரிகளைப் பிரித்துத் திரும்பக் கயிற்றுக்குள்ளேயே பின்னி ஒரு கண் செய்யச் சொல்லுங்கள். வலை வேலை தெரிந்த பெரியவர் எவரும் பத்து நிமிடத்தில் செய்து தருவார்.

"நங்கூரம் எத்தனை கிலோ இருந்தா நிக்கும்?"

கிலோவைக் கேட்பதற்கு முன் அடியில் என்ன தரை என்று கேளுங்கள். நங்கூரம் எடையால் மட்டும் நிற்பதில்லை, தரைக்குள் புதைந்து பிடிப்பதால் நிற்கிறது. மணலுக்கும் சேற்றுக்கும் அகன்ற தகடு உள்ள நங்கூரம். பாறைத் தரைக்கு நாலு கை நங்கூரம். அதே நாலு கையை மென்சேற்றில் போட்டால் பல் இல்லாத சீப்பு மாதிரி வழித்துக்கொண்டு வரும். நம் அளவுப் படகுக்கு 10 முதல் 15 கிலோ, கூடவே நாலைந்து மீட்டர் சங்கிலி. சங்கிலியை மிச்சம் பிடிக்க வேண்டாம். அது நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைக்கிறது, பாறையில் கயிறு உரசாமலும் காக்கிறது.

"பெருசா ஒரு கான்கிரீட் கட்டி வார்த்துப் போட்டுட்டா நங்கூரமே வேண்டாம்ல?"

போடலாம். நிரந்தரமாக ஒரே இடத்தில் நிறுத்துகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு கணக்கு மட்டும் மறந்துவிடும்: கடல் நீருக்குள் 100 கிலோ கான்கிரீட் ஏறக்குறைய 57 கிலோதான். அதே 100 கிலோ இரும்பு 87 கிலோ நிற்கும். கரையில் நாலு பேர் சேர்ந்து தூக்க முடியாத கட்டி, தண்ணீருக்குள் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. எடை ஒன்றையே நம்பும் கட்டு என்பதால், தகடு நங்கூரத்தைப் போலப் பல மடங்கு எடை வேண்டும். சேற்றுத் தரை என்றால் சில மாதத்தில் கட்டி தானே புதைந்து பிடித்துக்கொள்ளும். கெட்டி மணலில் சறுக்கும்.

கட்டியிலிருந்து மேலே சங்கிலி, நடுவில் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு), பிறகு கயிறு, மேலே போயா. ஸ்விவல் இல்லாவிட்டால் படகு காற்றுக்குச் சுற்றச் சுற்றக் கயிறு முறுக்கேறிக் குட்டையாகும். ஷாக்கிள் ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். அது தானாகத் திருகிக் கழன்று விழுந்து, கட்டியும் சங்கிலியும் அப்படியே கிடக்கப் படகு மட்டும் கிளம்பியதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

"எவ்வளவு கயிறு விடணும்?"

இதற்கு மட்டும் மனப்பாடமாக ஒரு பதில் வைத்துக்கொள்ளலாம்: ஆழத்தைப்போல் ஏழு மடங்கு. ஆழம் என்றால் தண்ணீரின் ஆழத்தோடு, தண்ணீர் மட்டத்திலிருந்து அணியத்தின் உயரத்தையும் கூட்டவேண்டும். இரண்டு பாகம் (ஒரு பாகம் ஆறடி) தண்ணீர், அணியம் மூன்றடி உயரம் என்றால் இரண்டரை பாகம். ஏழால் பெருக்கினால் பதினேழரை பாகம், ஏறக்குறைய 32 மீட்டர். முழுக்கச் சங்கிலி என்றால் ஐந்து மடங்கு போதும். காற்று பலமாகும் என்று தெரிந்தால் பத்து மடங்கு.

காரணம் சாய்வு. ஏழு மடங்கு விட்டால் கயிறு தரையோடு எட்டு டிகிரி அளவில்தான் சாய்ந்திருக்கும். நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், அது மேலும் புதையும். மூன்று மடங்கு மட்டும் விட்டால் ஏறக்குறைய இருபது டிகிரி. அப்போது ஒவ்வொரு அலையும் நங்கூரத்தைப் புதைக்காமல் பிடுங்கப் பார்க்கும். நங்கூரம் எடுக்கும்போது படகை நேர் மேலே கொண்டுவந்து தூக்குகிறோமே, அதே வேலையை அலை செய்துவிடுகிறது.

நீளமாக விட்டால் சுற்றவும் இடம் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் பதினேழரை பாகக் கயிறும் ஐந்து பாகப் படகும் சேர்ந்து இருபத்திரண்டரை பாகம். நங்கூரத்தை நடுவாக வைத்து அந்த அளவுக்கு நாலா பக்கமும் பாறையோ வேறு படகோ இருக்கக்கூடாது. பக்கத்துப் படகு குட்டைக் கயிற்றில் நின்றால், காற்று திரும்பும்போது அவர் கொஞ்சமாகச் சுற்றுவார், நீங்கள் பெரிதாகச் சுற்றுவீர்கள். முத்தம் கொடுத்துக்கொள்வது அப்போதுதான்.

"அமரத்துல கட்டினா ஏறி இறங்க வசதியா இருக்கே?"

ஜெட்டியில் ஆள் இறக்கும் ஐந்து நிமிடத்துக்குச் சரி. நங்கூரத்தில் நிற்கும்போது அமரத்தில், அதாவது பின்முனையில், மட்டும் கட்டவே வேண்டாம். அணியம் அலையைப் பிளப்பதற்காகக் கூராக, உயரமாகச் செய்தது. அமரம் தட்டை, மோட்டார் மாட்டுவதற்காகத் தாழ்வாக வெட்டியது. மோட்டாரின் எடையும் அங்கேதான். அலை நேராக உள்ளே வரும்.

"ஜெட்டியில எத்தனை கயிறு போடணும்?"

குறைந்தது நாலு. அணியத்திலிருந்து முன்பக்கமாக ஒன்று, அமரத்திலிருந்து பின்பக்கமாக ஒன்று. இவை தெரியும். விட்டுப்போவது குறுக்கே போகும் இரண்டு: அணியத்திலிருந்து பின்னோக்கி ஜெட்டிக்கு ஒன்று, அமரத்திலிருந்து முன்னோக்கி ஒன்று. இவை நீளமாக, ஜெட்டியை ஒட்டிப் படுத்தாற்போல் போகும். படகு முன்னும் பின்னும் ஓடுவதைத் தடுப்பவை இவைதான். நீளமாக இருப்பதால் தண்ணீர் ஏறி இறங்கும்போதும் பெரிதாக இறுகாது. தொய்வு பற்றி முன்பு சொன்னதற்கு நல்ல தீர்வு இந்தக் குறுக்குக் கயிறு.

இடையில் பழைய டயர். ஒன்றல்ல, மூன்று. கம்பி தெரியும் டயரை வைத்தால் அதுவே படகை அறுக்கும்.

"துறைமுகத்துல இடமே இல்ல. பக்கத்துப் படகோட சேர்த்துத்தான் கட்டுறோம். தப்பா?"

தப்பு என்று சொன்னால் காசிமேட்டிலிருந்து ராமேஸ்வரம் வரை எல்லா விசைப்படகும் தப்பாகத்தான் நிற்கிறது. இடம் இல்லாதபோது வேறு வழி இல்லை. அடுக்கிக் கட்டும்போது ஒவ்வொரு படகும் அடுத்ததை மட்டும் நம்பி நிற்கக்கூடாது. அணியத்திலிருந்தோ அமரத்திலிருந்தோ கரைக்கோ நங்கூரத்துக்கோ சொந்தமாக ஒரு கயிறு போகவேண்டும். எட்டுப் படகு வரிசையில் கரையோரப் படகின் கொம்பு ஒன்றுதான் எல்லாரையும் பிடித்திருக்கிறது என்றால், அந்தக் கொம்புக்காரர் தூங்கக்கூடாது.

சம உயரப் படகுகளைச் சேருங்கள். உயரம் கூடுதல் குறைச்சலாக இருந்தால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பலகைக்குள் இடிக்கும்.

"நங்கூரம் இழுபடுதான்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது? இருட்டுல ஒண்ணும் தெரியலையே."

கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள். பகலில் பனைமரமும் பள்ளிவாசல் மினாராவும், இரவில் ஜெட்டி விளக்கும் செல்போன் டவர் விளக்கும். இன்னொரு திசையில் அதே மாதிரி ஒரு ஜோடி. படகு நங்கூரத்தைச் சுற்றி ஆடும்போது இரண்டும் கொஞ்சம் விலகும், திரும்பச் சேரும். விலகியது சேராமல் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தால் இழுபடுகிறது. செல்போனில் ஜிபிஎஸ் வைத்தும் பார்க்கலாம், ஆனால் சார்ஜ் தீர்ந்தால் பனைமரம்தான்.

நான் இன்னொன்றும் செய்வேன். நங்கூரக் கயிற்றின்மேல், அணியத்துக்கு வெளியே, உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிடித்திருக்கும் நங்கூரத்தின் கயிறு இறுகும், தளரும், அவ்வளவுதான். இழுபடும் நங்கூரத்தின் கயிற்றில், வண்டி சரளைக்கல்லில் ஓடுவதுபோல் ஒரு நறநறப்பு கைக்கு வரும். ஒரு தடவை அதை உணர்ந்தவர் மறக்கமாட்டார். உடனே இன்னும் கயிறு விடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

"சோளகத்துல மாசக்கணக்கா நின்ன இடம். வாடையில ஒரே ராத்திரியில விட்டுருச்சு. அதே கயிறு, அதே நங்கூரம்தான்."

இடம் அதே இல்லை. ராமேஸ்வரம் தீவைப் பாருங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் நிற்பது கஷ்டம், வடகடல் தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் தலைகீழ். அதனால்தான் பெரியவர்கள் காலத்துக்கேற்பப் படகைக் கரை மாற்றுவார்கள். நல்ல நங்கூரத்தைவிட நல்ல மறைவு பெரிது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே திசையில் மாதக்கணக்கில் இழுபட்டுப் புதைந்த நங்கூரம், எதிர்த்திசையில் காற்று திரும்பும்போது கழன்று புரண்டு மறுபடி பிடிக்கவேண்டும். கயிறு நங்கூரத்தின் கையில் சுற்றிக்கொண்டாலோ, பிடிக்கும் தகட்டில் பாசியும் சேறும் அப்பியிருந்தாலோ, பிடிக்காமலேயே நழுவும். பருவம் மாறும்போது எடுத்துக் கழுவித் திரும்பப் போடுங்கள்.

"மீன்பிடித் தடைக்காலத்துல 61 நாள் சும்மா நிக்குதே, அப்போ என்ன பார்க்கணும்?"

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்தக் கேள்வி விசைப்படகுக்காரர்களுடையது. ஓடாத படகில் கயிறு ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும், அதுதான் ஆபத்து. வாரம் ஒரு தடவை கயிற்றை ஒரு முழம் விட்டோ இழுத்தோ உரசும் இடத்தை மாற்றுங்கள். உரசும் இடத்தில் பழைய தண்ணீர் ஹோஸைக் கீறி மாட்டிக் கட்டிவிடுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் கயிற்றில் கொட்டலசும் சிப்பியும் ஒட்டும். அவை பிளேடு மாதிரி, பக்கத்துப் பிரியை அறுக்கும். மோட்டார் படகு நிறுத்தி வைப்பவர்கள் மோட்டாரைத் தூக்கி வையுங்கள்.

"கயிறு புதுசு. ஆறு மாசம்கூட ஆகல. அறுந்திருச்சு. கம்பெனிக் கயிறு மோசமா?"

அறுந்த முனையைக் கொண்டுவரச் சொல்வேன். இழுப்பு தாங்காமல் அறுந்த முனை தலைமுடிபோல் நீளமாகப் பிசிறி, ஒவ்வொரு பிரியும் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். உரசி அறுந்தது மொட்டையாக, குட்டையாக, ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கும். அப்படி எனக்குக் காட்டியவற்றில் பெரும்பாலானவை பஞ்சுதான். என் சொந்தப் படகு ஒன்றும் அப்படித்தான் போனது. ஜெட்டியின் சிமெண்ட் விளிம்பில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு சிதைவு, அதில் உள்ளே இருந்த கம்பி லேசாக எட்டிப் பார்த்தது. பகலில் பார்த்தேன், "ஒரு ராத்திரிதானே" என்று விட்டேன். விடிகாலை நாலு மணிக்கு மீன் ஏலத்துக்கு வந்தவர்தான் போன் பண்ணினார்.

"எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தினா படகை மாத்தணும்?"

1, 2 என்றால் புயல் தொலைவில் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. படகு வேலை 1-இல் தொடங்கி 3-க்குள் முடிந்திருக்கவேண்டும். 5 ஏறியபின் ஜெட்டியில் நின்று கயிறு கட்டுவது உயிரோடு விளையாடுவது.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறும். மணிக்கு 40 கி.மீ.யில் தாங்கும் கட்டு, 80-இல் நாலு மடங்கும், 120-இல் ஒன்பது மடங்கும் தாங்கவேண்டும். அதனால் ஃபைபர் படகைக் கரையில் ஏற்றிவிடுவதே முதல் யோசனை. அலை வழக்கமாக வரும் கோட்டுக்கு ரொம்ப மேலே ஏற்றி, மோட்டாரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் போகும் அடைப்பானைத் திறந்துவிடுங்கள். 10 செ.மீ. மழை பெய்தால் படகுக்குள் ஒன்றரை டன் வரை தண்ணீர் சேரும். 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது, ஏற்றிய படகுகளும் போயின. ஆகவே ஏற்றியபின் வேரோடு நிற்கும் தென்னையிலோ ஆழமாக நட்ட தூணிலோ இரண்டு பக்கமும் கட்டுங்கள். இரண்டு பக்கமும் என்பது முக்கியம். புயலின் கண் உங்கள் ஊர்மேல் போனால் காற்று நின்று, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

"கூடவே ஆள் இருந்தா கயிறை அப்பப்போ சரி பண்ணலாமே?"

புயலில் வேண்டாம். படகில் யாரும் தங்கவே வேண்டாம். மற்ற பதில்களை இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், இதில் அப்படி இல்லை.

"தீவுப் பக்கம் சுற்றுலாவுக்கு ஆள் கூட்டிட்டுப் போறேன். பாறை நல்லாப் பிடிக்குது, அங்கேயே நங்கூரம் போடலாமா?"

அது பாறை இல்லை, பவளம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகள் 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நங்கூரம் நொறுக்கும் ஒரு பவளக்கொத்து அந்த அளவுக்கு வளர எத்தனையோ வருடங்கள் ஆகியிருக்கும். தெளிந்த தண்ணீரில் வெளிறிய மணல்திட்டு தெரியும். அங்கே போட்டு, சங்கிலி பவளத்தில் படாத அளவுக்குச் சுற்றும் இடம் இருக்கிறதா என்று முன்பு சொன்ன கணக்கில் பாருங்கள். பாக் நீரிணையின் கடற்புல்லுக்கும் இதே மரியாதை கொடுங்கள். ஆவுளியா (கடல் பசு) மேய்வது அங்கேதான். புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிப்பதும் இல்லை, வேரோடு பெயர்ந்து வரும்.

"காத்து ஏறிருச்சு, கிளம்பணும், கயிறு இறுகி அவிழவே மாட்டேங்குது. வெட்டிடலாமா?"

வெட்டுங்கள். இதற்காகவே அணியத்தில் ஒரு கத்தி உறையோடு கட்டித் தொங்கவேண்டும், பெட்டிக்குள் அல்ல. வெட்டும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். நீண்டிருக்கும் நைலான் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும், அது கண்ணைத்தான் தேடும். ஒதுங்கி நின்று, பையன்களை அமரத்துக்கு அனுப்பிவிட்டு, கொம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள் கத்தியை. நேரம் இருந்தால் வெட்டுவதற்குமுன் கயிற்றில் ஒரு போயாவை முடிந்துவிடுங்கள். மறுநாள் வந்து நங்கூரத்தை எடுத்துக்கொள்ளலாம்.